காணி இருக்கிறது, உறுதி எங்கே? பழைய கணினி விளையாட்டுகள் மீண்டும் கடைக்கு வரும் வழி

தொண்ணூறுகளில் புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது. தாங்கள் அன்று விளையாடிய கணினி விளையாட்டுகளைத் தங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்று அவர்களிற் பலர் தேடுகிறார்கள். பழைய புத்தகமானால் ஒரு நூலகத்திலாவது இருக்கும். பழைய திரைப்படமானால் எங்காவது ஒரு தளத்தில் ஓடும். பழைய விளையாட்டு மட்டும் பெரும்பாலும் அகப்படுவதில்லை.

இது வெறும் மனப்பதிவு அல்ல. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்ட்ரி ஃபவுண்டேஷன் 2023 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்நாட்டில் 2010ஆம் ஆண்டுக்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 வீதமானவை இன்று எந்தக் கடையிலும் விற்பனையில் இல்லை என்பது அதன் முடிவு. நூறு விளையாட்டில் பதின்மூன்றைத்தான் முறைப்படி காசு கொடுத்து வாங்கலாம். மற்றதெல்லாம் பழைய தட்டுச் சேகரிப்பவர்களிடமும் கள்ளப் பிரதிகளிலும் கிடக்கின்றன.

அந்தப் பதின்மூன்றை யார் தெரிவு செய்கிறார்கள்? எந்த அளவுகோலால்? நல்ல விளையாட்டுகள் தப்பிப் பிழைக்கும், மோசமானவை மறையும் என்றுதான் நாம் நினைப்போம். உண்மையில் தரம் என்பது அந்த அளவுகோல்களில் ஒன்று மட்டுமே. அதுவும் முதலாவது அல்ல. பழைய விளையாட்டுகளை மீண்டும் விற்பதற்கென்றே தொடங்கப்பட்ட ஜி.ஓ.ஜி. என்ற இணையக் கடையை எடுத்துப் பார்த்தால் இது தெளிவாக விளங்கும்.

வார்சோவில் தொடங்கிய வியாபாரம்

ஜி.ஓ.ஜி. ஒரு போலந்துக் கடை. அது ஏன் போலந்தில் பிறந்தது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அங்கே 1989இல் பழைய ஆட்சிமுறை விழுந்தது. ஆனால் கணினி மென்பொருளையும் காக்கும் பதிப்புரிமைச் சட்டம் 1994இல்தான் வந்தது. அதுவரை வார்சோவின் சந்தைகளில் நகலெடுத்த விளையாட்டுகளைப் பகிரங்கமாகவே விற்றார்கள். அதே 1994இல் மார்சின் இவின்ஸ்கி, மிஹாவ் கிச்சின்ஸ்கி என்ற இரண்டு பாடசாலை நண்பர்கள் சிடி புரொஜெக்ட் என்ற கொம்பனியைத் தொடங்கி, வெளிநாட்டு விளையாட்டுகளை முறைப்படி இறக்குமதி செய்து விற்க முயன்றார்கள்.

பக்கத்துக் கடையில் நகல் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும்போது அசலை எப்படி விற்பது? 1999இல் 'பால்டர்ஸ் கேட்' என்ற பெரிய விளையாட்டைக் கொண்டுவந்தபோது அவர்கள் கண்ட விடை இது: முழுவதையும் போலிஷ் மொழிக்கு மாற்றினார்கள். பெயர்பெற்ற நடிகர்களைக் குரல் கொடுக்க வைத்தார்கள். பெட்டிக்குள் வரைபடம், கையேடு, இசைத்தட்டு என்று நிறைய வைத்தார்கள். கள்ள நகல் விற்பவனால் தரமுடியாத ஒன்றைத் தந்தால் சனம் காசு கொடுத்து வாங்கும் என்பது அவர்களின் கணக்கு. அது சரியாகவே வந்தது.

அதே பாடத்தை வைத்து 2008இல் 'குட் ஓல்ட் கேம்ஸ்', சுருக்கமாக ஜி.ஓ.ஜி., என்ற கடையைத் திறந்தார்கள். பெயரின் பொருளே 'நல்ல பழைய விளையாட்டுகள்' என்பதுதான். இன்டர்பிளே, கோட்மாஸ்டர்ஸ் ஆகிய இரண்டு கொம்பனிகளின் பழைய சரக்குடன் தொடங்கினார்கள். விலை 5.99 அல்லது 9.99 டொலர். வாங்கிய விளையாட்டில் பூட்டு எதுவும் இல்லை. பதிவிறக்கி உங்கள் கணினியில் வைத்துக்கொண்டால் கடையின் அனுமதி கேட்காமல் எத்தனை முறையும் நிறுவலாம். 2012இல் புதிய விளையாட்டுகளும் சேர்ந்தபோது நீண்ட பெயரை விட்டுச் சுருக்கப் பெயரையே பெயராக்கிக் கொண்டார்கள்.

இந்தக் கடையின் தட்டுக்கு ஒரு பழைய விளையாட்டு வர வேண்டுமானால் நான்கு அரிதட்டுகளைத் தாண்ட வேண்டும்.

முதலாவது அரிதட்டு: யார் கேட்கிறார்கள்?

எந்த விளையாட்டு வேண்டும் என்று வாடிக்கையாளர் வாக்களிக்கும் ஒரு பட்டியலைக் கடை நீண்ட காலமாக வைத்திருக்கிறது. 2025 ஜனவரியில் அதைப் புதுப்பித்து 'ட்ரீம்லிஸ்ட்', அதாவது கனவுப் பட்டியல், என்று பெயரிட்டார்கள். பலர் நெடுநாள் கேட்டிருந்த 'டைனோ கிரைசிஸ்' விளையாட்டின் முதலிரண்டு பாகங்களும் அதே நேரத்தில் கடைக்கு வந்தன.

ஆனால் வாக்கு என்பது காசு அல்ல. இலவசமாகக் கை உயர்த்துகிறவர் எல்லோரும் பணப்பையைத் திறக்கமாட்டார்கள் என்பது ஊர்ச் சங்கத்தில் நிதி சேர்த்த எவருக்கும் தெரியும். கடைக்கும் அது தெரியும். அந்தப் பட்டியலின் உண்மையான பயன் வேறு. உரிமை வைத்திருக்கும் கொம்பனியிடம் போய், 'உங்களின் இந்தப் பழைய சரக்கை இத்தனை ஆயிரம் பேர் கேட்கிறார்கள்' என்று காட்டுவதற்கு அது ஒரு சான்று. பெரிய கொம்பனி ஒன்றுக்கு இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய விளையாட்டு ஞாபகத்திலேயே இருப்பதில்லை. ஞாபகப்படுத்துவதற்குத் தாள் வேண்டும்.

இரண்டாவது அரிதட்டு: உறுதி யாரிடம்?

அதிகம் கழிந்து போவது இங்கேதான். காணி கண்முன்னே இருக்கும். உறுதி யாரிடம் என்று தெரியாது. எங்கள் சமூகத்துக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. இடம்பெயர்ந்தபோது உறுதிப் பெட்டியை விட்டுவிட்டு வந்த குடும்பங்கள், பாட்டனார் பெயரிலேயே கிடக்கும் முதுசக் காணிகள், ஐந்து நாடுகளில் இருக்கும் ஆறு பங்காளிகளின் கையொப்பம் இல்லாமல் விற்கவும் முடியாத, கட்டவும் முடியாத வளவுகள். கணினி விளையாட்டின் நிலைமையும் அச்சொட்டாக இதுதான்.

ஒரு விளையாட்டுக்கு ஓர் உறுதி போதாது. நிரலுக்கு ஒருவர் உரிமையாளர். பெயருக்கு, அதாவது வர்த்தகக் குறிக்கு, இன்னொருவர். வெளியிடும் உரிமை மூன்றாமவரிடம். உள்ளே ஒலிக்கும் பாட்டுக்கு இசைக் கொம்பனியிடம் குறித்த காலத்துக்கு மட்டும் பெற்ற அனுமதி. ஓடும் காரின் உருவத்துக்கும் பந்தாட்டக் குழுவின் சீருடைக்கும் தனித்தனி அனுமதிகள். ஒன்று காலாவதியானாலும் விற்பனை நிற்கும். 'அலன் வேக்' என்ற விளையாட்டு 2017 மே மாதத்தில் கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. அதிலிருந்த பாடல்களின் அனுமதிக் காலம் முடிந்ததுதான் காரணம். அனுமதி புதுப்பிக்கப்பட்டு அது திரும்ப வர 2018 ஒக்டோபர் ஆயிற்று.

இரண்டு விளையாட்டுகளின் கதையைச் சொன்னால் இந்த அரிதட்டு நன்றாக விளங்கும். ஒன்று தப்பியது, மற்றது தப்பவில்லை.

தப்பியது 'சிஸ்டம் ஷொக் 2'. லுக்கிங் கிளாஸ், இர்ரஷனல் என்ற இரு நிறுவனங்கள் சேர்ந்து செய்து 1999இல் வெளிவந்தது. 2000இல் லுக்கிங் கிளாஸ் மூடப்பட்டது. அதன் சொத்துகள் கைமாறியபோது விளையாட்டின் பதிப்புரிமை போய்ச் சேர்ந்த இடம் ஒரு காப்புறுதிக் கொம்பனி! வர்த்தகக் குறியோ எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் என்ற வெளியீட்டாளரிடம் இருந்தது. ஜி.ஓ.ஜி. வாடிக்கையாளரின் விருப்பப் பட்டியலில் அது உச்சியிலேயே இருந்தது. ஆனால் ஆண்டுக்கணக்காக யாராலும் விற்க முடியவில்லை. 2012இல் ஸ்டீபன் கிக் என்ற இளம் கலைஞர், வேலையை விட்டு மத்திய அமெரிக்காவில் பயணம் செய்துகொண்டிருந்தபோது, இந்த விளையாட்டை வாங்கத் தேடினார். எங்கும் இல்லை. ஏன் இல்லை என்று துருவிக்கொண்டு போனவர் காப்புறுதிக் கொம்பனியைக் கண்டுபிடித்து, கடிதம் எழுதி, அனுமதியும் பெற்றார். 2013 பெப்ரவரியில் ஜி.ஓ.ஜி. கடையில் அது விற்பனைக்கு வந்தது. அந்தத் தேடலிலிருந்தே அவருடைய நைட்டைவ் என்ற நிறுவனம் பிறந்தது.

தப்பாதது 'நோ வன் லிவ்ஸ் ஃபொரெவர்'. 2000ஆம் ஆண்டில் வெளிவந்து விமர்சகர்களால் கொண்டாடப்பட்ட உளவாளி விளையாட்டு. செய்தது மொனொலித், வெளியிட்டது ஃபொக்ஸ் இன்டராக்டிவ். பிறகு ஃபொக்ஸின் விளையாட்டுப் பிரிவை விவெண்டி வாங்கியது. விவெண்டியின் விளையாட்டு வியாபாரம் 2008இல் அக்டிவிஷனோடு இணைந்தது. மொனொலித்தை 2004இல் வோர்னர் பிரதர்ஸ் வாங்கியது. ஆகவே இப்போது மூன்று கதவுகள்: அக்டிவிஷன், வோர்னர், ஃபொக்ஸ். அதே நைட்டைவ் 2014இல் மூன்றையும் தட்டியது. எந்தப் பங்கு எவரிடம் என்பதைக் கொம்பனிகளே உறுதியாகச் சொல்லும் நிலையில் இருக்கவில்லை. பழைய ஒப்பந்தங்கள் கணினிக்கு ஏறாத கடதாசிகள். அதைத் தேடி எடுக்க ஆள் விடுவதற்கு எவரும் தயாரில்லை. யாருக்கும் பகையில்லை, யாருக்கும் விருப்பமும் இல்லை. 2015இல் முயற்சி கைவிடப்பட்டது. ஒருவருக்கு முழு உரிமை இருந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும் அலுவல் இது.

உரிமையாளரைக் கண்டுபிடிக்க ஜி.ஓ.ஜி. தனியார் துப்பறிவாளரைக்கூட அமர்த்தியிருக்கிறது. அந்த நிறுவன நிர்வாகிகள் 2025இல் சொன்ன தகவல் இது. தேடப்பட்டவர் பிரித்தானியாவில் வெளித்தொடர்பு எதுவும் இல்லாமல் வாழ்ந்த ஒரு மனிதர். சில விளையாட்டுகளின் உரிமை குடும்ப வழியாகத் தன்னிடம் வந்து சேர்ந்திருப்பதே அவருக்குத் தெரியாது. முதுசம் வந்தது தெரியாமலே ஒரு மனிதர். அவருடைய கையொப்பத்துக்காகக் காத்திருந்த விளையாட்டுகள்.

மூன்றாவது அரிதட்டு: இன்றைய கணினியில் ஓடுமா?

அனுமதி கிடைத்துவிட்டது என்று வைப்போம். விளையாட்டு இன்றைய கணினியில் ஓட வேண்டும். விண்டோஸுக்கு முந்திய டொஸ் காலத்து விளையாட்டுகள் இன்றைய கணினியில் நேரடியாக ஓடமாட்டா. அவற்றுக்காக டொஸ்பொக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. புதிய கணினிக்குள் ஒரு பழைய கணினியைப் போல அது நடிக்கும். பழைய சாகசக் கதை விளையாட்டுகளுக்கு ஸ்கம்விஎம் என்ற இன்னொன்று. இவ்விரண்டையும் ஆர்வலர்கள் கூலியில்லாமல் பல வருடங்கள் உழைத்து உருவாக்கினார்கள். இவை இல்லாவிட்டால் ஜி.ஓ.ஜி. கடையின் பழைய தட்டுகளிற் பாதி வெறுமையாகத்தான் இருக்கும்.

உண்மையில் கடினமானவை டொஸ் விளையாட்டுகள் அல்ல. அதற்குப் பின், 1996 முதல் 2005 வரையான விண்டோஸ் விளையாட்டுகள். அவற்றில் பலவற்றில் நகலெடுப்பதைத் தடுக்க சேஃப்டிஸ்க் என்ற பூட்டைப் போட்டிருந்தார்கள். பாதுகாப்புக்கு ஆபத்து என்று 2015இல் வந்த விண்டோஸ் 10 அந்தப் பூட்டுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. விளைவு, காசு கொடுத்து வாங்கிய அசல் தட்டு வீட்டில் இருந்தும் விளையாட்டு திறக்காது. பூட்டுப் போட்டவர் போய்விட்டார், திறப்பும் போய்விட்டது.

மூலநிரல் கையில் இருந்தால் பொறியியலாளர் திருத்தலாம். ஆனால் அதுவே பல இடங்களில் தொலைந்துவிட்டது. 'ஹீரோஸ் ஒஃப் மைட் அண்ட் மஜிக் 3' விளையாட்டை யூபிசொஃப்ட் 2015இல் புதுப்பித்தபோது, அதன் இரண்டு விரிவாக்கப் பகுதிகளைச் சேர்க்க முடியவில்லை. அவற்றின் மூலநிரல் கிடைக்கவில்லை என்றார்கள். 'ஐஸ்விண்ட் டேல் 2' விளையாட்டைப் புதுப்பிக்க விரும்பிய பீம்டொக் நிறுவனமும் அதே காரணத்தால் நின்றுபோனது. ஆனால் இவ்விரண்டினதும் பழைய பதிப்புகளை ஜி.ஓ.ஜி. விற்கிறது. மூலநிரல் இல்லாமல், முடிந்த பொருளின் மேலேயே ஒட்டுப்போட்டு ஓடவைப்பது அவர்களின் கைப்பழக்கம்.

ஒருமுறை ஓடவைத்தாலும் வேலை முடியாது. விண்டோஸ் மாறும், திரை மாறும், மறுபடி பழுதாகும். அதற்காகத்தான் 2024 நவம்பரில் 100 விளையாட்டுகளுடன் ஒரு பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அந்தப் பட்டியலில் உள்ளவற்றை எதிர்காலக் கணினிகளிலும் ஓடவைக்கத் தாங்களே உழைப்போம் என்பது வாக்குறுதி.

நான்காவது அரிதட்டு: கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். கீழே வரும் தொகைகள் எந்தக் கடையின் உண்மைக் கணக்கும் அல்ல. விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்ட எண்கள்.

ஒரு பழைய விளையாட்டின் குறித்த விலை 10 டொலர். பெரும்பகுதி விலைக்கழிவுக் காலத்தில்தான் விற்கும். ஆகவே சராசரியாக 6 டொலர் கிடைக்கிறது என்று வைப்போம். இத்துறையில் வழமையாகக் கடைக்கு 30 வீதம், அதாவது 1.80 டொலர். மீதி உரிமையாளருக்கு. கடையின் பங்கிலிருந்து வங்கி அட்டைக் கட்டணம் முதலிய சில்லறைச் செலவுக்கு 30 சதம் போனால், ஒரு பிரதிக்கு 1.50 டொலர் கையில் நிற்கும்.

இப்போது முதற்செலவு. சட்டத்தரணிக்கும் உரிமைத் தேடலுக்கும் 9,000, பொறியியலாளருக்கு 12,000, பரிசோதிக்கவும் அறிமுகப்படுத்தவும் 3,000. மொத்தம் 24,000 டொலர். இதை 1.50ஆல் வகுத்தால் 16,000. அதாவது பதினாறாயிரம் பிரதி விற்றபின்தான் கடைக்கு முதலாவது சதம் இலாபம்.

சட்டத்தரணியின் கட்டணம் விளையாட்டின் புகழைப் பார்த்துக் கூடுவதோ குறைவதோ இல்லை. ஒரு இலட்சம் விற்கும் விளையாட்டுக்கும் இரண்டாயிரம் விற்கும் விளையாட்டுக்கும் அதே கடிதங்கள், அதே ஒப்பந்தம். ஆகவே சிறிய விளையாட்டு எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் இந்தக் கணக்கில் விழுந்துவிடும்.

இதே விளையாட்டு ஒரு பெரிய கொம்பனியின் பத்து விளையாட்டுகளோடு ஒரே ஒப்பந்தத்தில் வந்தால் என்ன நடக்கும்? சட்டச் செலவு 9,000 பத்தாகப் பிரிந்து 900 ஆகும். மொத்தம் 15,900, வேண்டிய விற்பனை 10,600 பிரதி. அது டொஸ்பொக்ஸில் இலகுவாக ஓடும் பழைய விளையாட்டாகவும் இருந்து, பொறியியற் செலவு 3,000ஆகக் குறைந்தால், மொத்தம் 6,900. 4,600 பிரதி போதும்.

இந்த மூன்று எண்களையும் (16,000, 10,600, 4,600) பார்த்தால் கடையின் நடத்தை முழுவதும் விளங்கிவிடும். கடை விளையாட்டை விளையாட்டாகத் தெரிவதில்லை. உரிமையாளரை உரிமையாளராகப் பிடிக்கிறது. 2011இல் எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ், 2014இல் டிஸ்னி வழியாக லூக்காஸ் ஆர்ட்ஸின் பழைய விளையாட்டுகள் என்று பெரிய பெயர்கள் சேர்ந்தபோதெல்லாம், ஒரு கையொப்பத்தின் பின்னால் ஒரு வரிசை விளையாட்டுகள் வந்தன. அதில் சுமாரானவையும் அடிபட்டுக்கொண்டு உள்ளே வந்தன. உரிமையாளர் தனித்து நிற்கும் நல்ல விளையாட்டு வெளியிலேயே நின்றது.

உரிமையாளரின் கணக்குப் புத்தகமும் இதில் உண்டு. பழையதை 6 டொலருக்கு விற்றால், தான் 40 டொலருக்கு விற்கத் திட்டமிடும் புதிய பதிப்பின் வியாபாரம் கெடுமா என்று அவர் யோசிப்பார். கப்கொம் கொம்பனி 'ரெசிடென்ட் ஈவில்' வரிசையில் இரண்டாம், மூன்றாம் பாகங்களை 2019, 2020இல் புதிதாகச் செய்து விற்றபின்னும், முதல் மூன்று பாகங்களின் மூலப் பதிப்புகளை 2024இல் ஜி.ஓ.ஜி.க்குக் கொடுத்தது. இரண்டும் சேர்ந்தே விற்கலாம் என்பது அவர்களின் முடிவு. பிளிசார்ட் கொம்பனி எதிர்த்திசையில் போனது. 'வோர்கிராஃப்ட்' முதலிரண்டு பாகங்களின் புதுப்பித்த பதிப்பை 2024 நவம்பரில் வெளியிட்டு, அடுத்த மாதமே ஜி.ஓ.ஜி.யிலிருந்து பழையவற்றை எடுத்துவிட்டது.

கடைத் தட்டு காப்பகம் ஆகுமா?

உள்ளே வந்தது உள்ளேயே இருக்கும் என்பதற்கும் உறுதி இல்லை. 'ஃபோல்அவுட்' விளையாட்டின் முதற் பாகங்கள் 2008 முதலே ஜி.ஓ.ஜி.யில் இருந்தவை. உரிமை இன்டர்பிளேயிடமிருந்து பெதெஸ்டாவுக்கு முழுமையாக மாறியபோது, 2013 முடிவோடு அவை எடுக்கப்பட்டன. போகுமுன் சில நாட்கள் கடை அவற்றை இலவசமாகவே வழங்கியது. 2015இல்தான் புதிய உரிமையாளர் வழியாகத் திரும்பின. கடையே கைமாறுவதும் உண்டு. 2025 டிசம்பர் இறுதியில் சிடி புரொஜெக்ட் தன் ஜி.ஓ.ஜி.யை, அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான கிச்சின்ஸ்கிக்கு ஏறத்தாழ 9 கோடி ஸ்லோட்டிக்கு விற்பதாக அறிவித்தது. நல்ல கைக்குப் போயிருக்கலாம். ஆனாலும் ஒரு காலத்தின் நினைவு ஒரு கடையின் ஐந்தொகையில் தங்கியிருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

அப்படியானால் நூலகங்கள் செய்யட்டுமே என்று கேட்கலாம். விற்பனையில் இல்லாத விளையாட்டுகளை ஆய்வாளருக்கு இணையம் வழியாகத் திறந்துவிட அனுமதி வேண்டுமென்று அமெரிக்க நூலகத் தரப்பினர் கேட்டார்கள். விளையாட்டுக் கொம்பனிகளின் சங்கம் எதிர்த்தது. 2024 ஒக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் கோரிக்கையை மறுத்துவிட்டது. கடைக்கு விற்பதற்குக் கட்டுப்படியாகாது. நூலகத்துக்குக் கொடுப்பதற்குச் சட்டம் விடாது. 87 வீதம் அந்த இடைவெளிக்குள் விழுந்து கிடக்கிறது.

இது கணினி விளையாட்டுகளோடு நிற்கும் சங்கதி அல்ல. 1981இல் யாழ் பொதுநூலகம் எரிந்ததை நாம் மறக்கமாட்டோம். ஆனால் தீ வைக்காமலே அழிவதும் உண்டு. 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கி வரும் நூலகம் திட்டத்தைப் போன்ற முயற்சிகளுக்கு முன்னாலும் இதே கேள்விதான் வந்து நிற்கும். எழுதியவர் ஒரு நாட்டில் காலமாகிவிட்டார். பிள்ளைகள் மூன்று நாடுகளில். அச்சகம் போரில் இல்லாமற் போயிற்று. அனுமதியை யாரிடம் கேட்பது? ஒருவரும் மறுக்கவில்லை. ஆம் என்று சொல்லத்தான் ஆளில்லை.

வீட்டிலும் சங்கத்திலும் செய்யக்கூடியவை

பிள்ளைகளுக்கோ பேரப்பிள்ளைகளுக்கோ இணையத்தில் விளையாட்டு வாங்கும்போது, நீங்கள் வாங்குவது பொருளா, அனுமதியா என்று பாருங்கள். பெரும்பாலான கடைகளில் அது அனுமதி மட்டுமே. 'வாங்கு' என்று எழுதிவிட்டு அனுமதியை மட்டும் விற்கும் கடைகள் அதைத் தெளிவாகச் சொல்லவேண்டும் என்று கலிபோர்னியா மாநிலச் சட்டமொன்று 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. நிறுவும் கோப்பைத் தனியே பதிவிறக்கித் தரும் கடையானால், அதை இறக்கி வெளியே ஒரு வன்தட்டில் வைத்துவிடுங்கள். கடை நாளை மூடினாலும் அது உங்களிடம் இருக்கும். பழைய தட்டும் பெட்டியும் வீட்டில் இருந்தால் குப்பையில் போடாதீர்கள்.

அடுத்தது எங்கள் சங்கங்களுக்கும் தமிழ்ப் பாடசாலைகளுக்கும். முப்பது வருடமாக ஆண்டுமலர் போடுகிறோம், நாடகம் பதிவு செய்கிறோம், பாட்டு இறுவட்டு வெளியிடுகிறோம், பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கச் செயலிகள்கூடச் செய்கிறோம். எழுதியவர் யார், இசையமைத்தவர் யார், மீண்டும் வெளியிடும் உரிமை யாருக்கு, சங்கம் கலைந்தால் அது யாரிடம் போகும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? மூலக்கோப்பு எந்தக் கணினியில் என்று சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்?

அந்த ஒரு பக்கத்தை எழுத ஒரு கூட்டத்தில் கால் மணி நேரம் போதும். செலவு ஒன்றுமில்லை. செய்தவர்கள் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போது மட்டுமே அதைச் செய்யலாம். அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.